வாசலில் நின்று பார்க்க வேண்டிய கோட்டைகள்

காங்கேயத்தில் பார்க்கும்படி கோட்டை கிடையாது. பழையகோட்டை என்று பக்கத்தில் ஓர் ஊர் உண்டு. அந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்தவை மதில்கள் அல்ல, காளைகள். கொங்குச் சமவெளியில் இருந்த ஈரோடு, தாராபுரம், கோவைக் கோட்டைகளும் போர்களில் சிதைந்து போயின. கோவையில் கோட்டைமேடு, ஈரோட்டில் கோட்டை ஈஸ்வரன் கோயில் என்று பேரளவில்தான் அவை இருக்கின்றன. கல்லாக மிஞ்சியவையெல்லாம் விளிம்பில் நிற்கின்றன. வடக்கே காவிரிக்கு அப்பால் சங்ககிரி, தெற்கே திண்டுக்கல், மேற்கே கணவாய் வாயில் பாலக்காடு.

இந்த மூன்றையும் தனித்தனிச் சுற்றுலா இடங்களாகப் பார்க்காமல் ஒரே வேலியின் மூன்று முளைகளாகப் பார்த்தால்தான் சுவை. 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டணத்தில் போட்ட ஒப்பந்தத்தில் திப்பு சுல்தான் தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தார். சங்ககிரி, நாமக்கல்லோடு சேர்ந்த சேலம் சீமை, திண்டுக்கல் சீமை, பாலக்காடு உள்ளிட்ட மலபார், மூன்றும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின. நடுவில் கோவை, ஈரோடு, கரூர், தாராபுரம், காங்கேயம் மட்டும் திப்புவிடமே இருந்தன. 1799-ல் திப்பு மடியும் வரை ஏழு ஆண்டுகள் இதே நிலை. காவிரிக்கு இக்கரையில் மைசூர், அக்கரையில் கம்பெனி. அந்த ஏழு ஆண்டில் சிவன்மலை மேலேறி நின்ற ஒருவருக்கு, மூன்று பக்கம் திரும்பினாலும் தொடுவானத்துக்கு அப்பால் கம்பெனியின் கோட்டை ஒன்று இருந்தது. வடக்கே, தெற்கே, மேற்கே. இன்று நாம் சைசிங் மில்லுக்கும் கொப்பரைக் களத்துக்கும் லாரி ஓட்டுகிற பாதைகளில்தான் அந்தப் படைகளும் போய் வந்தன.

ஆகவே எந்தக் கோட்டைக்குப் போனாலும், இது எந்தப் பக்கத்தைப் பார்த்துக் காவல் இருந்தது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விடை உச்சியில் இருக்காது, வாசலில் இருக்கும்.

வாசலில் என்ன பார்ப்பது

கோட்டைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் மூச்சிரைக்க ஏறி, உச்சியில் நின்று செல்ஃபி எடுத்து, மூச்சிரைக்க இறங்கிவிடுகிறார்கள். உச்சியில் காற்று நன்றாக வரும், ஊர் அழகாகத் தெரியும். அவ்வளவுதான். கட்டினவன் மூளையைச் செலவழித்த இடம் வாசல். இரண்டு மணி நேரம் இருந்தால் அதில் ஒரு மணி நேரத்தை வாசல்களுக்கு ஒதுக்குங்கள் என்பது என் கட்சி. உச்சியைத் தொடாமல் இறங்கினாலும் நட்டமில்லை.

வெளி வாசலுக்கு நேர் எதிரே நில்லுங்கள். அடுத்த வாசல் பெரும்பாலும் கண்ணில் படாது. நிலையைத் தாண்டியதும் பாதை ஒரு பக்கமாகத் திரும்பும். திரும்பிய இடத்தில் மூன்று பக்கமும் சுவர் சூழ்ந்திருக்கும். யானையை ஓடவிட்டு முட்டிக் கதவைப் பெயர்ப்பது அந்தக் காலத்து வழக்கம். திருப்பம் ஒன்று வைத்துவிட்டால் யானைக்கு ஓடி வர இடம் கிடையாது. பத்துப் பேர் சுமந்து வந்து இடிக்கிற மரத்தடிக்கும் அதே கதிதான். அந்தக் குறுகிய முற்றத்தில் நின்று நான்கு பக்கமும் மேலே பார்த்தால், சுவர் மேல் நின்றவனுக்கு நீங்கள் எவ்வளவு வசதியாகத் தெரிந்திருப்பீர்கள் என்பது புரியும்.

அடுத்து நிலைக்கல். கதவு போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். கதவின் அடையாளம் போகவில்லை. நிலையின் மேல் கல்லிலும் கீழ்க் கல்லிலும் வட்டக் குழிகள் இருக்கும். கதவின் குடுமி அதில் நின்றுதான் சுழன்றது. கீழ்க் குழியைத் தடவிப் பாருங்கள், மழமழவென்று தேய்ந்திருக்கும். (கையை விடும் முன் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. தேளுக்கும் அந்தக் குழி பிடித்தமான இடம்.) பிறகு இடுப்பு உயரத்தில் இரு பக்கச் சுவரையும் கவனியுங்கள். இரண்டிலும் சதுரத் துளை இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். ஒரு பக்கத் துளை சாண் ஆழத்தில் தட்டிவிடும். எதிர்ப்பக்கத் துளையில் கை தோள்வரை போனாலும் தட்டாது. தாழ்மரம் பகல் முழுக்க அந்த ஆழத் துளைக்குள் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் அதை இழுத்து எதிர்த் துளையில் செருகுவார்கள். கொறங்காட்டுக் கடவில் குறுக்குக் கட்டையை இழுத்து மாட்டுவதைப் பார்த்து வளர்ந்த நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கடைசியாகச் சுவரை அடியிலிருந்து நுனி வரை பாருங்கள். அடியில் பெரிய பெரிய கற்கள். மேலே போகப் போகச் சின்னக் கற்கள், பிறகு செங்கலும் சுண்ணாம்பும். பல கோட்டைகளில் அந்தச் செங்கல் பகுதி துப்பாக்கி வந்த பிறகு வைத்த ஒட்டு. அதில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். உட்பக்கம் அகலமாகவும் வெளிப்பக்கம் குறுகலாகவும், சற்றுக் கீழ்நோக்கிச் சரிந்தும் இருக்கும். உள்ளே நின்று கண்ணை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு துளையும் பாதையின் ஒரு குறிப்பிட்ட துண்டைக் காட்டும். இரண்டு மூன்று துளைகளில் பார்த்த பிறகு, ஏறி வந்த வழியில் ஒளிந்துகொள்ள ஓர் அடி இடம்கூட விடவில்லை என்பது தெரிந்துவிடும்.

புறப்படும் முன்

பனியன் கம்பெனிக்காரர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் கை கொடுக்கும். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, கடைகண்ணி முடித்துப் படுக்கப் பத்தரை ஆகிவிடும். இருந்தாலும் மலைக்கோட்டைக்கு விடிகாலைப் புறப்பாடுதான் தோது. காலை ஏழு மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் பாறை காயத் தொடங்கும், பதினொன்றுக்கு மேல் அது அடுப்புக்கல். நம்மூர் வெயிலுக்குப் பழகியவர்கள்தானே என்று அலட்சியம் வேண்டாம். தரையில் அடிக்கிற வெயில் வேறு, மொட்டைப் பாறையில் மேலும் கீழுமாகத் தாக்குகிற வெயில் வேறு. நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஐப்பசி மழையில் பாறைப் படிகள் பாசி பிடித்து வழுக்கும். இடி மின்னல் தெரிந்தால் ஏறவே கூடாது.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். கோட்டைக்குள் சுனை இருக்கும், குடிக்க ஆகாது. சங்ககிரி அடிவாரத்து டீக்கடை அம்மாவிடம் கேட்டபோது கிடைத்த பதில் இது:

“ஏனுங்கம்மா, மேல தண்ணி கிடைக்குமுங்களா?”

“சொனையில கெடக்குதுங்க, ஆடு குடிக்கும். நீங்க பாட்டல் வாங்கிட்டுப் போங்க சாமி. காலிப் பாட்டலை அங்கியே வீசிப்போட்டு வந்துராதீங்க.”

இந்த இரண்டு வரியில் ஒரு பக்க அறிவுரை அடங்கிவிட்டது.

புளிசோறும் தயிர்சோறும் கட்டிக்கொள்ளலாம். பாலித்தீன் பையைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டு போகாதீர்கள், குரங்கு பறித்துவிடும். முதுகுப்பைக்குள் வையுங்கள். காலுக்குப் பிடிமானம் உள்ள ஷூ. ரப்பர் செருப்பு இறங்கும்போது காலை வாரும். உடுப்புக்கு முழுக்கை வைத்த காட்டன் டி-சர்ட் போதும், அதற்கு நாம் அலைய வேண்டியதில்லை. பனியன் வேஸ்ட் துணி இரண்டு துண்டு பையில் இருக்கட்டும். வியர்வை துடைக்கவும், காய்ந்த கல்லில் விரித்து உட்காரவும் அதைவிட நல்ல பொருள் கிடையாது.

மதிலின் விரிசலிலும் பாறைத் தொங்கலிலும் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும். சென்ட் அடித்துக்கொண்டு போக வேண்டாம். அருகில் பீடி, சிகரெட், பட்டாசு, சத்தம் எதுவும் வேண்டாம். தேனீ கிளம்பிவிட்டால் மலைப்படியில் ஓட முடியாது.

எழுதக் கூச்சப்பட்டு வழிகாட்டி நூல்கள் விட்டுவிடுகிற விஷயம் ஒன்று. மலைக்கோட்டைகளின் மேலே கழிப்பிடம் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெண்களும் குழந்தைகளும் வருகிறார்கள் என்றால் பஸ் ஸ்டாண்டிலோ, காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்துகிற ஓட்டலிலோ முடித்துக்கொண்டு ஏறுவதுதான் வழி. மூட்டு வலி உள்ள பெரியவர்களை மலைக்கு இழுக்காதீர்கள். அவர்களுக்குப் பாலக்காடும் கன்னியாகுமரிப் பக்கத்து வட்டக்கோட்டையும் இருக்கின்றன. இரண்டும் தரைக்கோட்டை, நிதானமாக நடந்து பார்க்கலாம்.

இந்தக் கோட்டைகளில் பலவும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. டிக்கெட் உள்ள இடங்களில் இந்தியர்களுக்கு 25 ரூபாய் அளவில் இருக்கும். ஆன்லைனில் எடுத்தால் சற்றுக் குறைவு. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். ஏப்ரல் 18, உலகப் பாரம்பரிய தினத்தன்று எல்லோரையும் இலவசமாக விடுவது வழக்கம். சுவரில் பேர் கிறுக்குவது விளையாட்டல்ல. 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் 2010-ல் வந்த திருத்தமும் நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கின்றன. ட்ரோன் பறக்கவிட முன் அனுமதி வேண்டும். கல்யாண ஆல்பத்துக்காகப் புகைப்படக்காரரை அழைத்துப் போகிறவர்கள் ஸ்டாண்டு, லைட் எல்லாம் எடுத்துப் போய் வாசலில் வாக்குவாதம் செய்யாமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஓடாநிலை வழியாகச் சங்ககிரி

இந்தப் பாதையில்தான் தொடங்க வேண்டும். காங்கேயத்திலிருந்து நத்தக்காடையூர், அறச்சலூர் வழியாக ஈரோடு போகிற சாலை நமக்குப் பழக்கமான சாலை. தீரன் சின்னமலை பிறந்த மேலப்பாளையம் இந்தப் பக்கம்தான், பிறப்பு 1756. மைசூருக்குப் போன வரிப்பணத்தை மறித்து வாங்கிக்கொண்டு, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்துக்கொண்டான் என்று சொல் என்று அனுப்பிய கதை இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். அதே சின்னமலை பிற்பாடு திப்புவின் பக்கம் நின்று கம்பெனியோடு போரிட்டார். திப்பு போன பிறகு அறச்சலூருக்குப் பக்கத்தில் ஓடாநிலையில் மண்கோட்டை கட்டிக்கொண்டு தனியாகவே எதிர்த்தார். அந்தக் கோட்டையைக் கம்பெனிப் படை தகர்த்துவிட்டது. இன்று அங்கே மணிமண்டபம் இருக்கிறது, கோட்டை இல்லை. அரை மணி நேரம் போதும். ஆனால் அந்த அரை மணி நேரத்தைத் தவிர்க்காதீர்கள். கல்லில்லாத கோட்டையைப் பார்த்துவிட்டு அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் சங்ககிரியின் கல் மதில் முன்னால் நிற்கும்போது, மண்ணை நம்பியவருக்கும் மலையை வைத்திருந்தவருக்கும் இருந்த வித்தியாசம் யாரும் சொல்லாமலே தெரியும்.

ஈரோட்டிலிருந்து பள்ளிபாளையம் பாலத்தில் காவிரியைக் கடக்கிறோம். 1792-க்குப் பிறகு ஏழு ஆண்டு இரண்டு அரசுகளுக்கு எல்லையாக இருந்த ஆறு இதுதான். இப்போது இரு கரையிலும் சாயப்பட்டறையும் விசைத்தறியும். காங்கேயத்திலிருந்து மொத்தம் சுமார் 70 கிலோமீட்டர். சேலம்–கோவை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் எல்லோரும் இந்த மலையைத் தூரத்திலிருந்து பார்த்திருப்பார்கள், ஏறியவர்கள் குறைவு.

சங்ககிரியின் சிறப்பே அடுக்கடுக்கான வாசல்கள்தான். விஜயநகரக் காலத்தில் தொடங்கி, மைசூர் ஆட்சியில் வலுப்படுத்தி, கம்பெனி கைக்கு வந்த மலை இது. ஒவ்வொருவரும் தங்கள் காலத்துப் பயத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு சுற்று கட்டியிருக்கிறார்கள். முதல் வாசலில் ஐந்து நிமிடம் நின்று மேலே சொன்னபடி நிலைக்குழி, தாழ்மரத் துளை, துப்பாக்கித் துளை மூன்றையும் தேடுங்கள். பிறகு ஒவ்வொரு வாசலிலும் எது மாறுகிறது என்று கவனித்துக்கொண்டே ஏறினால் களைப்பு தெரியாது. பிள்ளைகள் இருந்தால் துளை எண்ணுகிற போட்டி வைத்துவிடலாம், புலம்பல் நின்றுவிடும். இரண்டு வாசலுக்கு நடுவே திரும்பிப் பார்க்கவும் மறக்க வேண்டாம். கீழ் வாசலின் முதுகு மேல் வாசலில் இருப்பவனுக்குத் திறந்து கிடக்கும். எதிரி கீழ் வாசலைப் பிடித்துவிட்டாலும் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள்.

மேலே சென்னகேசவப் பெருமாள் கோயில், முஸ்லிம்கள் வழிபடும் இடம், தானியக் கிடங்கு, வெடிமருந்துக் கிடங்கு, சுனைகள். வெடிமருந்துக் கிடங்கைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றக் கட்டடங்களை விட்டுத் தள்ளி, தடித்த சுவரும் வளைவான கூரையுமாக, வெளிச்சத்துக்குக்கூட வழி வைக்காமல் எது நிற்கிறதோ அதுதான். ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும் நின்று பார்த்து ஏற ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள். வார நாட்களில் மேல் பகுதியில் ஆளே இருக்க மாட்டார்கள்.

சின்னமலையைத் தூக்கிலிட்டது இந்தக் கோட்டையில்தான். நூல்கள் 1805 ஜூலை 31 என்று எழுதும். ஊர் ஆடிப் பதினெட்டு என்று நினைவு வைத்திருக்கிறது. இரண்டுக்கும் முரண்பாடு கிடையாது. இருநூறு ஆண்டில் தமிழ் மாதப் பிறப்பு ஆங்கில நாட்காட்டியில் ஏறக்குறைய மூன்று நாள் பின்னால் தள்ளி வந்திருக்கிறது, அவ்வளவே. ஆடிப் பதினெட்டன்று ஓடாநிலையிலும் சங்ககிரியிலும் மாலை போட வருகிற கூட்டமும் அரசு விழாவும் கட்சிக் கொடிகளும் நிறைந்திருக்கும். மரியாதை செலுத்தப் போகிறவர்கள் அன்று போகலாம். கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் வேறு நாள் பாருங்கள்.

நேரம் மிஞ்சினால் திருச்செங்கோடு வழியாக நாமக்கல். ஊருக்கு நடுவே ஒற்றைப் பாறை, அதன் தலையில் மதில். ஏறப் பத்துப் பதினைந்து நிமிடம்தான், படிகள் பாறையிலேயே செதுக்கியவை, குறுகலானவை. ஆனால் கோட்டையைவிட, அதே பாறையின் இரு பக்கத்திலும் அதியமான் காலத்தில் குடைந்த நரசிம்மர், ரங்கநாதர் குடைவரைகள்தாம் உங்கள் நேரத்துக்குத் தகுதியானவை.

திண்டுக்கல்

தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழி, சுமார் 100 கிலோமீட்டர். பஸ்ஸில் போகிறவர்கள் தாராபுரத்தில் மாறிக்கொள்ளலாம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் பக்கம்தான்.

மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் 1605-ல் தொடங்கிய கோட்டை. 1755-ல் மைசூர் அரசு ஹைதர் அலியைப் பௌஜ்தார் என்ற படை அதிகாரியாக அனுப்பியது இந்த ஊருக்குத்தான். பிரெஞ்சுக்காரர்கள் உதவியோடு அவர் ஆயுதச்சாலை வைத்ததும் இங்கேதான். பின்னாளில் தென்னிந்தியாவையே கலக்கிய ஒருவர் கோட்டை நடத்தப் பழகிக்கொண்ட இடம் என்று சொன்னால் மிகையாகாது. 1790-ல் கம்பெனி பிடித்தது, 1792 ஒப்பந்தத்தில் உறுதியாயிற்று.

இங்கே பார்க்க வேண்டியது பீரங்கி. சங்ககிரி துப்பாக்கியை நம்பிய கோட்டை என்றால், திண்டுக்கல் பீரங்கியை நம்பிய கோட்டை. மதில் ஓரமாக நடந்தால் பீரங்கி நிறுத்திய மேடைகள் ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொரு மேடையிலும் நின்று குழல் எந்தத் திசையில் நீண்டிருக்கும் என்று பாருங்கள். ஒன்று சாலையை அடைத்திருக்கும், ஒன்று குளக்கரையை, ஒன்று சிறுமலைப் பக்கத்தை. உச்சியில் ஒரு கோயில் உண்டு, உள்ளே மூர்த்தி இல்லை. அபிராமியம்மன் கீழே ஊருக்குள் இருக்கிறார். அச்சுதராயர் காலத்து 1538-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. கோட்டையை விடக் கோயில் பழையது என்பதற்கு அதுவே சாட்சி.

பாறை முழுக்க மொட்டை. மரநிழல் தேடி ஏமாறாதீர்கள். மாலையில் வாசலை அடைத்துவிடுவார்கள், அதனால் நான்கு மணிக்கு மேல் டிக்கெட் எடுத்து அவசரமாக ஏறுவதில் பலனில்லை. திரும்பும் வழியில் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டி விருப்பாச்சிக்குப் போகலாம். வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த கோபால நாயக்கரின் பாளையம் அது. அவரைக் கம்பெனி 1801-ல் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டது. விருப்பாச்சியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. திண்டுக்கல் வரை வந்து பிரியாணியோடு திரும்புகிறவர்கள் தாராளமாகத் திரும்பலாம், பிரியாணியும் அந்த ஊரின் வரலாறுதான்.

பாலக்காடு

மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு. நம் வீட்டுக் கூரையைத் தூக்குகிற ஆடிக்காற்று அதன் வழியாகத்தான் வருகிறது. ஹைதர் அலி 1766-ல் மலபாருக்கும் கொங்குக்கும் நடுவே பூட்டுப் போடத் தேர்ந்த இடம் அதுவே. பூட்டு நிலைக்கவில்லை. 1768, 1783, 1790 என்று மீண்டும் மீண்டும் கை மாறியது.

மலையில்லாத இடத்தில் கோட்டைக்கு அகழிதான் மலை. பாலக்காட்டில் அகழியும் தண்ணீரும் இன்றும் இருப்பதால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துப் போக இதைவிட நல்ல கோட்டை இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. அகழியின் வெளிக்கரையில் ஒரு சுற்று நடந்துவிட்டு உள்ளே போங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கொத்தளங்கள் எதற்கு என்பது வெளியிலிருந்துதான் விளங்கும்: ஒரு கொத்தளத்தில் நின்றவன் பக்கத்துக் கொத்தளத்தின் அடிச்சுவரைச் சுடலாம், சுவரை ஒட்டி நின்று தப்பிக்க மூலையே கிடையாது. உள்ளே ஆஞ்சநேயர் கோயிலில் எப்போதும் கூட்டம். பல்லடம், கோவை வழியாகப் போனால் சுமார் 120 கிலோமீட்டர். வாளையாறு சோதனைச்சாவடியின் ஞாயிறு மாலை நெரிசலைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் பக்கம்

கடல்கோட்டைக்கு ஒரு ஞாயிற்றுப் பகல் மட்டும் போதாது. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ பனியன் கம்பெனி மூடும் நாட்கள் தோது. தமிழ்நாட்டுக் கரையில் தரங்கம்பாடி, சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை என்று வரிசையாக இருக்கின்றன. இந்தக் கடற்கரைக் கோட்டைகள் பெரும்பாலும் சரக்கைக் காத்தவை. தரங்கம்பாடி டேன்ஸ்பர்க் கோட்டை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டென்மார்க்காரர்கள் கட்டினார்கள், 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கீழ்த்தளம் முழுக்கக் கிடங்கு, மேல்தளத்தில் கவர்னர் குடியிருப்பு. நாயக்கர் டென்மார்க் அரசனுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. திருப்பூரிலிருந்து கொள்முதல்காரர்களுக்கு மெயில் தட்டுகிறவர்கள், நானூறு ஆண்டுக்கு முன் ஐரோப்பாவுக்குப் போன இந்தக் கடிதத்தை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். கோவை–மயிலாடுதுறை ஜனசதாப்தி திருப்பூர், ஈரோடு வழியாகத்தான் போகிறது, மயிலாடுதுறையில் இறங்கினால் பஸ். கார்த்திகைப் புயல் காலத்தைத் தவிருங்கள்.

மலையும் கடலும் எல்லையும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடைப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில். திருவிதாங்கூர் அரசு தன் கிழக்கு எல்லையை மலையடிவாரத்து ஆரல்வாய்மொழியிலிருந்து கடல்கரை வட்டக்கோட்டை வரை அரண் வைத்துக் காத்தது. அந்த வேலையின் பின்னால் இருந்தவர் டச்சுப் படையிலிருந்து வந்த ஒருவர். 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்ட டிலனாய், சிறைப்பிடித்தவருக்கே தளபதியாகிப் படையையும் கோட்டைகளையும் சீர்ப்படுத்தினார். 1777-ல் இறந்தார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள், இடிந்த சின்னத் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும். இப்போது அந்தக் கோட்டையை வனத்துறை பூங்காவாக வைத்திருப்பதால் ஊஞ்சலைத் தாண்டித்தான் கல்லறைக்கு நடக்க வேண்டும், பிள்ளைகளுக்கு வசதி.

வட்டக்கோட்டை கன்னியாகுமரியிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். உள்ளே போனதும் எல்லோரும் கடலைப் பார்க்க மேலே ஓடுவார்கள். ஓடட்டும். நீங்கள் கீழேயே நின்று சுவரின் தடிமனைப் பாருங்கள். முன்பக்கம் 29 அடி, மூலைகளில் 18 அடி, பின்பக்கம் வெறும் 6 அடி. உயரமோ சுற்றிலும் 25 அடி அளவுதான். பீரங்கிக் குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று எதிர்பார்த்தார்கள் என்பதை இந்த மூன்று எண்களும் சொல்லிவிடும். பிறகு மேலேறுங்கள். படிக்கட்டுக்குப் பதில் சரிவான பாதை இருக்கும், பீரங்கியை உருட்டி ஏற்ற அமைத்தது. முட்டி வலிக்காரர்களும் அதில் ஏறிவிடலாம். மேலே காற்று பலமாக அடிக்கும். தொப்பியையும் துப்பட்டாவையும் பிடித்துக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவரில் பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் எடுக்க வேண்டாம்.

ஆரல்வாய்மொழியில் நின்று பார்க்கப் பெரிய மதில் இல்லை. ஆனால் 1809 பிப்ரவரியில் வேலுத்தம்பி தளவாயின் படைகளை முறியடித்துக் கம்பெனி நுழைந்த வழி அதுதான். முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுகிற அதே இடைவெளி. நெடுஞ்சாலையில் காரில் போகும்போது வேகத்தைக் குறைத்து, இரு பக்க மலையும் எவ்வளவு நெருங்கி வருகிறது என்று பார்த்தாலே போதும்.

போக வசதியானது கோவையிலிருந்து திருப்பூர், ஈரோடு, மதுரை வழியாக நாகர்கோவில் போகிற இரவு ரயில். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு ஏறினால் ஞாயிறு காலை நாகர்கோவில். முதலில் வட்டக்கோட்டை, மதியத்துக்கு மேல் உதயகிரி, அங்கிருந்து இரண்டு கிலோமீட்டரில் பத்மநாபபுரம் அரண்மனை. 1956-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனை மட்டும் கேரள அரசிடமே இருக்கிறது. திங்கட்கிழமை அதற்கு விடுமுறை. அதனால் ஞாயிற்றுக்கிழமையே, மாலை டிக்கெட் நிறுத்தும் முன் போய்விடுங்கள். இரவு ரயிலில் படுத்தால் திங்கள் காலை ஷிப்டுக்குப் போய்ச் சேரலாம். விடுமுறை நாட்களில் அந்த ரயிலில் தட்கல்கூடக் கிடைக்காது என்பதால் போகும்போதே திரும்பும் டிக்கெட்டையும் எடுத்துவிட வேண்டும்.